குற்றாலத்துக்கு மூன்று பேர்

ஜூன் 9, ஞாயிறு

குற்றாலம் போவதென்று இன்று காலை முடிவு செய்தேன். முடிவு செய்தது நான்தான், யாரும் தூண்டிவிடவில்லை என்பதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். பின்னால் பேச்சு வரக்கூடாது.

தென்காசிப் பக்கம் சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. எனக்கு விடுப்பு மிச்சம் கிடக்கிறது, மார்ச்சில் ஓய்வு பெறுவதற்குள் எடுக்காவிட்டால் வீண். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பஸ்ஸில் போய் அன்றே திரும்பினால் செலவும் கையைக் கடிக்காது. இவ்வளவுதான் காரணம்.

மனைவி சண்முகவடிவிடம் சொன்னேன். தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"குடும்பத்தோட போறதுன்னா திருச்செந்தூர் போவோமே. சாமி கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, கடல்ல குளிச்ச மாதிரியும் ஆச்சு."

"குத்தாலம்தான்."

"அங்கனயா?" என்று என் முகத்தையே பார்த்தாள்.

"ஏன், அங்க என்ன?"

"ஒண்ணுமில்லங்க" என்று அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அவள் ஏன் கேட்டாள் என்று எனக்குத் தெரியாமலில்லை. குற்றாலத்துக்கு அடுத்து செங்கோட்டை, பிறகு மலையேறினால் எல்லை, ஆரியங்காவு, அதற்கும் அப்பால் புனலூர். புனலூரில் என் மூத்த மகள் இருக்கிறாள். அங்கே ஆஸ்பத்திரி வேலைக்குப் போனவள், கூட வேலை பார்த்த ஷிஜு என்ற மலையாளத்துப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அப்புறம்தான் எங்களுக்குச் சொன்னாள். நான்கு வருஷம் ஆகிறது. சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்த அன்றைக்கு நான் சொன்னேன்: "இனிமே என் வாசப்படிய அவ மிதிக்கப்படாது. ஆரியங்காவு தாண்டி என் காலும் போவாது." இரண்டும் இன்றுவரை நடந்துவருகிறது.

குற்றாலம் தமிழ்நாட்டில் இருக்கிறது. எனவே இதில் பேச ஒன்றுமில்லை.

புனலூர் வழியாக வரும் கொல்லம் வண்டி இன்று 11 நிமிடம் தாமதம்.

ஜூன் 12, புதன்

முதல் நிகழ்ச்சி நிரல் தயார். கோவில்பட்டி பஸ் நிலையத்தில் முப்பத்தொரு வருஷமாக நேரக் காப்பாளராக இருக்கிறேன். வண்டி வந்த நேரம், போகிற நேரம் எழுதி, விசில் ஊதி அனுப்புவது என் வேலை. என் வீட்டு வண்டி மட்டும் இஷ்டத்துக்குக் கிளம்ப முடியாது.

பேர்: மூன்று. நான், சண்முகவடிவு, மகன் கோமதிநாயகம்.

பார்க்க வேண்டியவை: மெயின் அருவி, ஐந்தருவி, பழைய அருவி, புலியருவி. மெயின் அருவிக்கு மேலே மலையில் இன்னொன்று இருக்கிறது. அங்கே இப்போது ஆட்களை விடுவதில்லை. அதன் பேரை எழுதத் தேவையில்லை, வீட்டில் அந்தப் பேரைச் சொல்லி நான்கு வருஷம் ஆகிறது.

நாயகம், தான் வேலை பார்க்கும் காலண்டர் அச்சகத்திலிருந்து வந்து தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். இருபத்தாறு வயதுக்கு எல்லாம் சிரிப்பாகத்தான் இருக்கும்.

"யப்பா, ஒருநாள் டூருக்கு நிமிஷக் கணக்கெல்லாம் எதுக்கு?"

"நிமிஷம் இல்லாம எந்த வண்டிடா கெளம்பும்?"

மதியம் பார்டர் பரோட்டா வேண்டும் என்றான். பிரானூரில் இருக்கிறது, பேர்தான் பார்டர். நிஜமான எல்லை அதற்கும் தள்ளி, புளியரை தாண்டி மலைமேல் இருக்கிறது. தூரம் தெரிந்து வைத்திருப்பது என் தொழில்.

ஜூன் 14, வெள்ளி

கொல்லம் வண்டி 14 நிமிடம் தாமதம்.

அதன் கண்டக்டர் சுடலைமணிக்கு வாய் நிற்காது. என்னிடம் வண்டியைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டும் என்று நான்கு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். அதனால் டீ மாஸ்டரிடம் பேசுவதுபோல எனக்குக் கேட்கும்படி பேசுவான்.

"புனலூர் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு பிள்ள மாஸ்டர். நம்ம வண்டியக் கண்டா ஓடியாந்து டாட்டா காட்டும். ஆடி மாசம் மூணு வயசு முடியுதாம், இன்னும் காது குத்தல. மாமியா வீட்டுல நகக்கடையிலயே குத்திருவோம்ங்காங்க. இந்தப் பிள்ளையோட அம்மா ஒத்தக் கால்ல நிக்கா, எந்தம்பி மடியில வச்சுத்தான் குத்துவேன்னு."

"வேய், டிரிப் ஷீட்டுல தேதிய ஒழுங்கா எழுதும்" என்றேன்.

தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்துவது எங்கள் பக்கத்து முறை. ஒற்றைப்படை வயதில்தான் குத்துவார்கள், மூன்று வயது முடிவதற்குள் குத்தாவிட்டால் ஐந்துக்குப் போய்விடும். ஆடியில் நல்ல காரியம் செய்யமாட்டார்கள், ஆகவே ஆனிதான் கடைசி. இதெல்லாம் பொதுவான விஷயம், யாருக்கும் தெரியும்.

நாயகம் புனலூருக்கே போய் வந்திருக்கலாம். போகவில்லை. ஆரியங்காவு தாண்டமாட்டேன் என்று நான் சொன்னதைத் தன் காலுக்கும் சேர்த்துச் சொன்னதாக எடுத்துக்கொண்டான், முட்டாள்.

சுடலைமணி போன வாரமும் இதையேதான் சொன்னான். அப்போதும் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

கொல்லம் வண்டி 23 நிமிடம் தாமதம். புளியரை வளைவில் லாரி குறுக்கே நின்றுவிட்டதாம். வண்டி உள்ளே வரும்வரை உட்காரப் பிடிக்கவில்லை.

ஜூன் 19, புதன்

தேதிச் சண்டை. நான் 30ஆம் தேதி என்றேன். ஜூலை 7தான் என்று சண்முகவடிவு பிடிவாதம் பிடிக்கிறாள். பயணம் போகலாம் என்று நான் சொல்லிப் பத்து நாள்தான் ஆகிறது, அதற்குள் காலண்டரில் அந்தத் தேதியை, ஆனி 23ஐ, சுற்றிப் பேனாவால் வட்டம்.

"அன்னைக்கு என்ன விசேஷம்?"

"ஞாயித்துக்கெழம."

"முப்பதும் ஞாயிறுதான்."

"அது தேய்பிறை."

அருவியில் தலையைக் கொடுக்க வளர்பிறை எதற்கு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. 7ஆம் தேதி என்று தாளில் திருத்திவிட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

சமையலறையில் மிக்சி ஓடுகிறது, ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. போய் எட்டிப் பார்த்தால் ஜாரில் ஒன்றுமில்லை. ஒரு கை மிக்சியில், இன்னொரு கையில் போன். என்னைக் கண்டதும், "சரிக்கா, வச்சிருதேன்" என்றாள். அவளுக்கு அக்கா கிடையாது.

மிக்சி சூடானால் கெட்டுப்போகும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 27, வியாழன்

நிகழ்ச்சி நிரல், நான்காவது திருத்தம். காலை 9.30 முதல் 11 வரை: மெயின் அருவி அருகே, குற்றாலநாதர் கோயில் பக்கம், ஓய்வு.

"ஒண்ணர மணி நேரம் சும்மாவா?" என்றான் நாயகம். முந்தின தாளில் சாப்பாட்டுக்கே இருபது நிமிஷம்தான் கொடுத்திருந்தேன்.

"முழங்கால் வலிக்கி."

தாயும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பை அடக்க இருவருக்குமே தெரியவில்லை. தாங்கள் கெட்டிக்காரர்கள் என்று நினைப்பு.

புனலூரில் விடியற்காலை புறப்படும் வண்டி எத்தனை மணிக்குச் செங்கோட்டை வருகிறது என்று சுடலைமணியிடம் இன்று கேட்டேன். நேரக் காப்பாளன் எல்லா வண்டி நேரமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

"எட்டே கால் அண்ணாச்சி" என்றான். வேறொன்றும் பேசவில்லை. அவன் பேசாமலிருந்தது இதுவே முதல் தடவை.

ஜூன் 30, ஞாயிறு

குடை தேடி பீரோவைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில் ஒரு பட்டுப்பாவாடை. என் முழங்கை நீளம்கூட இல்லை. மாம்பழ நிறம், பச்சைக் கரை.

கையில் எடுத்ததும் ஆத்திரம்தான் வந்தது. இந்த வீட்டில் நான் யார்? போலீஸ்காரனா? ஒளித்து வைத்து, மிக்சி ஓட்டி, அக்கா என்று பொய் சொல்லி. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யாராவது கேட்டுப் பார்த்தார்களா? சரி, வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்க வேண்டும்.

மூத்தவளும்தான். முதல் வருஷம் போன் செய்தாள். வாரம் ஒரு தடவை, சரியாக நான் ட்யூட்டி முடிக்கிற நேரத்துக்கு. நான் எடுக்கவில்லை. பிறகு நிறுத்திவிட்டாள். எடுக்காவிட்டால் விட்டுவிடுவதா? என் மகள் இல்லையா, அவளுக்கு இருக்க வேண்டிய பிடிவாதம் எங்கே போயிற்று?

ஐந்து வயதில் அம்மாவோடு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், மேசைமேல் இருந்த விசிலை எடுத்து ஊதிவிட்டாள். மதுரை வண்டி மூன்று நிமிடம் முன்னதாகக் கிளம்பிப் போனது. எனக்கு மெமோ கொடுத்தார்கள். அந்த மெமோவைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அலுவலகத் தாள் எதையும் நான் கிழிப்பதில்லை.

பாவாடையை இருந்த மடிப்பிலேயே வைத்தேன். குடை கிடைக்கவில்லை.

ஜூலை 3, புதன்

மலையில் நல்ல மழை. மெயின் அருவியில் தண்ணீர் பெருகிக் குளிக்கத் தடை போட்டிருப்பதாகச் செய்தி. சண்முகவடிவு முகம் விழுந்துவிட்டது.

"குளிக்க விடலைன்னா போவ வேண்டாம்னு சொல்லிருவீங்களோ?"

"அருவின்னா பாக்கதுக்குந்தான். போறோம்."

"மழ கூடிட்டுன்னா?"

"போறோம்னு சொல்லுதேன்லா."

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஜூலை 4, வியாழன்

கொல்லம் வண்டி 9 நிமிடம் தாமதம். இரண்டு டிரிப் ஷீட்டில் தேதி மாற்றி எழுதிவிட்டேன். முப்பத்தொரு வருஷத்தில் நடக்காதது.

ஜூலை 6, சனி

இன்னும் தடை எடுக்கவில்லை.

புளியோதரைக்கு அரிசி அளந்தாள், எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று பேருக்கு ஒன்றரைப் படி. இத்தனை சோற்றை யார் தின்பது என்று கேட்க வாயெடுத்து, "வழியில பசிக்கும், கூடவே கொஞ்சம் போடு" என்றேன். நான் கடைக்குப் போய் கடலைமிட்டாய் இரண்டு கிலோ வாங்கி வந்தேன். பஸ்ஸில் கொறிக்கத்தான்.

சாமான் எடுத்து வைப்பது அவர்கள் பொறுப்பு. கடைசியாக வீட்டைச் சரிபார்த்துப் பூட்டுவது என் பொறுப்பு.

ஜூலை 7, ஞாயிறு

மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பினோம். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை 5.20. இருவரும் பைகளோடு தெருமுனைக்குப் போய்விட்டார்கள். நான் கேஸ், குழாய், ஜன்னல் எல்லாம் பார்த்தேன். பிரிட்ஜ் மேலே நகைக்கடையின் சிவப்புப் பொட்டலம் ஒன்று இருந்தது. பிரித்துப் பார்த்தேன். கடுகு அளவு சிவப்புக்கல் வைத்த இரண்டு கம்மல். உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கதவைப் பூட்டினேன். எடுத்ததை அவர்களிடம் சொல்லவில்லை.

8.50க்குக் குற்றாலம். அருவி மலையை இடித்துக்கொண்டு விழுகிறது, கிட்டே நின்றால் பக்கத்து ஆள் பேசுவது கேட்கவில்லை. போலீஸ் கயிறு கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். தடை தெரியாமல் தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தவர்கள், எங்கே போய்க் கழுவுவது என்று தெரியாமல் வழுக்கிக்கொண்டு நடக்கிறார்கள். சத்தம் குறைந்த இடமாக, கோயில் வாசலுக்கு எதிரே, செருப்புக் கடை பக்கம் நிழலில் உட்கார்ந்தோம்.

9.30. சண்முகவடிவு எழுந்தாள். "நாங்க கோயிலுக்குப் போயிட்டு வாரோம். ஒங்களுக்கு முழங்கால் வலிக்கும், இங்கனயே இருங்க" என்றாள். பையைத் திறந்து கையை விட்டாள். மறுபடி விட்டாள். முகம் வெளுத்துவிட்டது. நாயகம் பையை வாங்கித் தரையிலேயே கொட்டினான். துண்டு, சீப்பு, சோப்பு, பாவாடை. பாவாடையை நான் பார்த்துவிட்டேன் என்பதைக்கூட இருவரும் கவனிக்கவில்லை.

"பிரிட்ஜு மேலதான வச்சேன். நீ எடுத்தேன்னு நெனச்சேனே" என்றாள், அழுகைக் குரலில்.

"நீதானம்மா எடுக்கேன்னு சொன்ன."

ஒரு நிமிஷம் விட்டுப் பிடித்தேன். அதை ஒத்துக்கொள்கிறேன். நான்கு வாரமாக என்னைச் சுற்றி மிக்சி ஓட்டியவர்கள் ஒரு நிமிஷம் தவிக்கட்டும் என்றிருந்தது. பிறகு உள்சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினேன்.

"இதையா தேடுதீங்க?"

நாயகம் வாயைத் திறந்தபடி நின்றான். சண்முகவடிவு அப்படியே கல்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்ப இருந்து தெரியும்?"

"நேரமாவுது. ஆசாரி காத்துக்கிட்டு இருப்பாரு."

"நீங்களும் வாங்க."

"எனக்கு முழங்கால்."

பிறகு கொட்டியதையெல்லாம் அள்ளிக்கொண்டு இருவரும் உள்ளே போனார்கள்.

9.52. கோயிலுக்குள்ளிருந்து பிள்ளை அழுகிற சத்தம். காது குத்தினால் ஒன்றரை நிமிஷம் அழும், வாழைப்பழமும் சர்க்கரையும் கொடுத்தால் நின்றுவிடும். இரண்டு நிமிஷம் ஆயிற்று. மூன்று. அழுகை நிற்கவில்லை, ஏறிக்கொண்டே போகிறது. நான்காவது நிமிஷத்தில் நான் கோயிலுக்குள் இருந்தேன். செருப்பை எங்கே விட்டேன் என்று நினைவில்லை.

குத்தவே இல்லை. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய ஒரு சின்னத் தலை, ஷிஜுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறுகிறது. எதிரே நாயகம் புது வேட்டியில் சம்மணம் போட்டு, வெறும் மடியோடு உட்கார்ந்திருக்கிறான். பிறந்ததிலிருந்து பார்த்திராத மாமன் மடியில் அது எப்படி உட்காரும்? இத்தனை திட்டம் போட்டவர்களுக்கு இது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நான்கு தடவை திருத்தியவனுக்கு.

"அடுத்த பார்ட்டி நிக்காங்கம்மா. பத்தரைக்குள்ள முடிக்கணும்" என்றார் ஆசாரி.

தூண் பக்கத்தில் மூத்தவள். என்னைக் கண்டதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மெலிந்துபோயிருக்கிறாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

சட்டைப் பையில் விசில் இருந்தது, எப்போதும் இருக்கும். கோயிலுக்குள் ஊதலாமா என்று தெரியாது. மெதுவாக ஊதினேன்.

அழுகை நின்றது. ஷிஜுவின் தோளிலிருந்து இரண்டு கண் என்னைப் பார்த்தன.

"கொல்லம் வண்டி கெளம்பப் போவுது" என்றேன். "யாரெல்லாம் ஏறுதா?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்கிறது.

"சீட்டு ஒண்ணுதான் இருக்கு. இந்த மாமன் மடிதான் சீட்டு. ஏறுனவங்களுக்கு விசில் உண்டு."

இறங்கிவிட்டது. நேராக வந்து நாயகம் மடியில் ஏறி உட்கார்ந்து கையை நீட்டியது. கொடுத்தேன். வாயில் வைத்துக்கொண்டது. ஆசாரி கண்ணைக் காட்ட, நான் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, "மதுர, திருமங்கலம், விருதுநகர், சாத்தூர்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கோவில்பட்டி என்று சொல்லும்போது ஊசி இறங்கியது.

அலறியது. ஆனால் விசில் வாயில் இருந்ததால் அலறல் முழுக்க விசிலாக வந்தது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. தன் வாயிலிருந்து வந்த சத்தத்தில் அதுவே திகைத்து நிறுத்தியது. இரண்டாவது காதுக்கும் அதே விசில். ஆசாரி சிரித்துவிட்டார். நாயகம் சிரித்தான், எல்லோரும் சிரித்தார்கள். தூண் பக்கத்திலிருந்தும் அந்தச் சிரிப்பு கேட்டது. நான்கு வருஷமாகக் கேட்காத சிரிப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுதி வைக்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை.

பிறகு மரத்தடியில் புளியோதரை. ஆறு பேருக்குச் சரியாக இருந்தது. மூத்தவள் எனக்கு இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"காலையில ஏதும் சாப்பிட்டாளான்னு கேளு" என்றேன் சண்முகவடிவிடம்.

"இட்லி சாப்ட்டேன்னு சொல்லும்மா."

"மெலிஞ்சிருக்காளே, ஏன்னு கேளு."

"ஆஸ்பத்திரியில ராத்திரி வேலை கூடன்னு சொல்லும்மா."

நடுவில் இருந்தவள் சோற்றை உருட்டிக்கொண்டே, "எனக்குத் தொண்ட வத்துது. ரெண்டு பேரும் நேரா பேசுனாத்தான் என்ன?" என்றாள். ஷிஜு எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். வாங்கிக் குடித்தேன்.

கொஞ்சம் கழித்து மூத்தவளே கேட்டாள். "யப்பா, முழங்காலுக்கு மருந்து எதும் போடுதீங்களா?"

"ம்" என்றேன். நான்கு வருஷத்துக்குப் பிறகு நான் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை பொய்.

2.10க்கு அவர்கள் வண்டி. விசிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை பிள்ளை. மூத்தவள் அதன் விரல்களைப் பிரித்து வாங்கப் பார்த்தாள்.

"இருக்கட்டும், விடு" என்றேன். கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.

வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. இன்றைக்கு அது எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்தருவி, பழைய அருவி, புலியருவி எதையும் பார்க்கவில்லை.

ஜூலை 8, திங்கள்

விசில் இல்லாமல் வேலைக்குப் போனேன். முதல் மூன்று வண்டியைக் கை தட்டி அனுப்பினேன். டிரைவர்கள் சிரிக்கிறார்கள். டிப்போ ஸ்டோருக்குப் போய்ப் புது விசில் கேட்டேன். ஸ்டோரில் இருக்கும் மேரி சுகந்தி ஒரு படிவத்தை எடுத்துப் போட்டாள்.

"தொலைஞ்சு போச்சுன்னு எழுதிருங்க சார், புதுசு தந்துருதேன்."

"தொலையல. இருக்க எடம் தெரியும்."

"அப்ப யார்ட்ட இருக்கு, எப்ப திருப்பி வாங்குவீங்கன்னு எழுதணுமே. வேல கூடும் சார். தொலைஞ்சதுன்னே போட்டுருங்களேன்."

முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தாளிலும் பொய் எழுதியதில்லை. பேனாவை வாங்கி எழுதினேன். யாரிடம் உள்ளது: என் மகள் செண்பகவல்லியின் பிள்ளையிடம், புனலூர். திரும்பப் பெறும் நாளும் விதமும்: ஆவணி முதல் ஞாயிறு, நேரில் போய்.

அவள் படித்துப் பார்த்தாள். இந்த டிப்போவில் என் சபதம் தெரியாதவர்கள் யாருமில்லை.

"சார், புனலூரு எல்ல தாண்டிலா இருக்கு?"

"ஆமா" என்றேன். "நாலேகால் மணி நேரந்தான்."